மூன்றாவது பெடல்

பிப்ரவரி 11 – த்ராட்டில் சுத்தம் செய்தது – 650
ஏப்ரல் 3 – வேக்கம் குழாய் மாற்றியது – 420
மே 29 – ஐட்லிங் வால்வு புதிது – 3,800
ஜூலை 17 – ஆக்சிலேட்டர் கேபிள் புதிது – 1,150
ஆகஸ்ட் 22 – வெப்பம் பார்க்கும் சென்சார் – 1,400

ஒரே வண்டி, ஒரே நோய், ஐந்து வைத்தியம். வண்டி நிற்கும்போது, யாரும் ஆக்சிலேட்டரில் கால் வைக்காதபோது, அதாவது ஐட்லிங்கில், நிமிடத்துக்கு எண்ணூறு சுற்று சுற்றிக்கொண்டு சாதுவாக முனக வேண்டிய எஞ்சின், ஆயிரத்து நானூறு, ஆயிரத்து ஐந்நூறு என்று இரைந்தது. ஒவ்வொரு வைத்தியத்துக்குப் பிறகும் ஒரு வாரம், பத்து நாள் வாலைச் சுருட்டிக்கொண்டு கிடக்கும். பிறகு ஏதோ ஒரு காலையில் சாவியைத் திருப்பினால் பழையபடி ஆட்டம் போடும்.

வண்டியின் சொந்தக்காரிக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்தி வந்தார். கிளட்சைப் பாதி விட்டு நிறுத்தச் சொல்லி 'அரைக்கிளட்ச், அரைக்கிளட்ச்' என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்ததால் அந்தத் தெருவில் அவருக்கு அரைக்கிளட்ச் அக்கா என்றே பெயர். தபால்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுவார்.

பதினான்கு வருஷம் ஒரு ஜவுளிக்கடையில் பில் போட்டவர் அக்கா. கணவர் லாரி ஓட்டினார். மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். உடம்புக்கு முடியாத தாயாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஒவ்வொரு தடவையும் பக்கத்து வீட்டுக் கார்க்காரரிடம் பல்லைக் காட்டி நிற்பது பிடிக்காமல், முப்பத்தாறு வயதில் கார் கற்கப் போனார். சொல்லிக்கொடுத்தவர் கையில் ஒரு மர ஸ்கேல் இருந்தது. வண்டி ஆஃப் ஆகும்போதெல்லாம் அந்த ஸ்கேல் டாஷ்போர்டில் பட்டென்று விழும். அக்காவுக்கு ஓட்ட வந்துவிட்டது, ஆனால் அந்தச் சத்தம் காதை விட்டுப் போக வெகு நாளாயிற்று. நாற்பத்தைந்தாவது வயதில் சேமிப்பையெல்லாம் வழித்துப் போட்டு ஒரு பழைய வெள்ளைக் கார் வாங்கி, ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்தில் மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை பிடித்து, தானே பள்ளி தொடங்கினார். அறையில் இரண்டு பெஞ்சு, சாலைக் குறியீடுகள் வரைந்த பலகை, தேய்ந்துபோன ஒரு கிளட்ச் தட்டு, மேஜையில் ஓட்டிக் காட்ட நாலு பொம்மைக் கார். ஸ்கேல் கிடையாது.

லாரி வேலையை விட்டபிறகு கணவரும் பள்ளிக்கு வந்துவிட்டார். காலை வகுப்பு அக்காவுக்கு, மாலை வகுப்பு அவருக்கு. வண்டியைப் பழுதுபார்ப்பது அக்காவின் சொந்தத் தம்பி. இரண்டு தெரு தள்ளி அவனுக்கு ஒரு ஒர்க்‌ஷாப் இருந்தது.

வீட்டு ஆட்கள் இருவர் கையிலும் வண்டி இருந்தால் நல்லதுதானே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். கணவரும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை.

சண்டை பள்ளி தொடங்கிய அதே மாதம் வந்தது. பயிற்சி வண்டியில் சொல்லிக்கொடுப்பவர் பக்கமும் பெடல் வேண்டும். கிளட்சும் பிரேக்கும் இருந்தால் போதும் என்றான் தம்பி. கணவரோ பழைய இரும்புக் கடையில் மூன்று பெடலும் உள்ள ஒரு செட்டை மலிவாகப் பிடித்து வந்து, தம்பி உதிரிபாகம் வாங்க வெளியூர் போயிருந்த இரண்டு நாளில் தானே மாட்டிவிட்டார். தம்பி திரும்பி வந்து குனிந்து பார்த்தான்.

"மூணாவது பெடல் எதுக்கு மாமா? ஒரு வண்டிக்கு ரெண்டு பேர் ஆக்சிலேட்டர் குடுத்தா அது காரா, ஜோடி மாடு பூட்டின வண்டியா?"

"பயந்தவங்க நடு ரோட்டுல வண்டிய நிறுத்திட்டா நாமதான் ரேஸ் குடுத்துக் காப்பாத்தணும். முப்பது வருஷம் லாரி ஓட்டினவன் நான். நீ போல்ட்ட எண்ணிக்கிட்டு இரு, போ."

"சரி. இனிமே அந்தப் பெடல் பக்கம் என் கை படாது. நான் தொட்டா என் கை அழுகட்டும்."

"நானும் உன் ஷெட்டு வாசப்படிய மிதிக்கமாட்டேன்."

இரண்டு பேருமே சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர்கள், அதுதான் தொல்லை. அன்றிலிருந்து வண்டிக்குள் எல்லை பிரிந்துவிட்டது. பானெட்டுக்குக் கீழே இருப்பதெல்லாம் தம்பி ராஜ்யம். டாஷ்போர்டுக்குக் கீழே கணவர் ராஜ்யம். வண்டியை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோய்க் கொண்டுவருவது அக்கா. வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் சேர்ந்து உட்கார நேர்ந்தால், "அந்த உப்ப இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு" என்று ஒருவர் அக்காவிடம் சொல்வார். உப்பு மற்றவரின் முழங்கைக்குப் பக்கத்தில்தான் இருக்கும்.

செப்டம்பர் ஒன்பதாம் தேதி போக்குவரத்து அலுவலகத்திலிருந்து ஆய்வாளர் வந்தார். பள்ளியின் அனுமதியைப் புதுப்பிக்கும் வருஷம் அது. பலகையைப் பார்த்தார், பதிவேட்டைப் பார்த்தார், எல்லாம் சரி என்றார். கடைசியாக வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொல்லி, பக்கத்தில் நின்று காதைக் கொடுத்தார்.

"என்னம்மா, கால் ஆக்சிலேட்டர்ல இருக்கா?"

"இல்லைங்க சார்." அக்கா இரண்டு காலையும் தூக்கிக் காட்டினார்.

"கால் வைக்காமலே இந்த ஓட்டமா? கத்துக்கறவங்க கிளட்ச்ச விட்டா வண்டி தானா பாயும். யாராவது முன்னால நின்னா?"

மூன்றாம் நாள் கடிதம் வந்தது. குறையைச் சரிசெய்ய முப்பது நாள் அவகாசம். அக்டோபர் பதின்மூன்றில் மறு ஆய்வு. அன்றும் இப்படியே இருந்தால் அனுமதி புதுப்பிக்கப்படாது. வேறு வண்டி வாங்க வழியில்லை. அந்த வண்டி போனால் பள்ளி போயிற்று. மாடிப்படி அறைக்குப் பூட்டுப் போட்டுவிட்டு, ஐம்பத்திரண்டு வயதில் திரும்பவும் ஏதாவது கடையில் பில் போட நிற்க வேண்டியதுதான். அக்கா கடிதத்தை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, காலை வகுப்புக்கு வந்தவர்களிடம் எதுவும் காட்டிக்கொள்ளாமல் 'அரைக்கிளட்ச்' சொல்லிக்கொடுத்தார்.

அந்த வாரமே, போதாத குறைக்கு, ரொட்டிக்கடை அம்மாள் வந்து சேர்ந்தாள். ஆறு மாதம் முன்பு இங்கே படித்து முதல் தடவையே லைசென்ஸ் வாங்கியவள். கடைக்கென்று ஒரு பழைய வேன் வாங்கியிருந்தாள். வாசலில் நின்றே சத்தம் போட்டாள்.

"அக்கா, என்ன சொல்லிக் குடுத்தீங்க எனக்கு? சிக்னலுக்குச் சிக்னல் வண்டி ஆஃப் ஆவுது. பின்னாடி இருக்கறவன் ஹாரன் அடிக்கிறான், பக்கத்துல இருக்கறவன் பல்ல இளிக்கிறான். ரொட்டி போய்ச் சேர்றதுக்குள்ள பூஞ்சை பூத்துடும் போல."

"பதறாம சொல்லுங்க. கிளட்ச்ச எப்படி விடறீங்க?"

"நீங்க சொன்ன மாதிரிதான். உங்க வண்டில கிளட்ச்ச விட்டா அதுவா நகரும். ஆக்சிலேட்டரே வேண்டாம். என் வேன் அப்படியே செத்துப் போயிடுது. அது வேன் கோளாறா, என் கோளாறா?"

இரண்டும் இல்லை என்று அக்காவுக்கு அந்த நிமிடமே புரிந்துவிட்டது. ஆயிரத்து நானூறில் ஓடும் எஞ்சினில் யார் கிளட்சை எப்படி விட்டாலும் வண்டி நகரும். அரைக்கிளட்ச் என்று வாய் வலிக்கச் சொல்லிக்கொடுத்த பாடத்தை இந்த வண்டி பிள்ளைகளுக்குப் பதிலாகத் தானே செய்துகொண்டிருந்திருக்கிறது. எட்டு மாதமாகத் தேறியவர்கள் அத்தனை பேரும் பாதிப் பாடத்தோடுதான் வெளியே போயிருக்கிறார்கள். அனுமதி போய்விடுமோ என்ற பயத்தைவிட இது அவரை அதிகம் சுட்டது.

மறுநாள் காலை வகுப்பை முடித்ததும் வண்டியை நேராகத் தம்பியின் ஒர்க்‌ஷாப்புக்கு விட்டார்.

"இன்னிக்கு எதையும் மாத்தாதடா. முதல்ல என்னன்னு கண்டுபிடி. நானும் கூட நிக்கிறேன்."

"நின்னு? எனக்கு விசிறவா?"

"வாய மூடிக்கிட்டுப் பாரு."

எஞ்சின் நன்றாகச் சூடேறும்வரை ஓடவிட்டார்கள். ஏசி, விளக்கு, எல்லாம் அணைத்தாயிற்று. சுற்றைக் காட்டும் முள் ஆயிரத்து நானூற்றைம்பதில் நின்றது. தம்பி சோப்புத் தண்ணீரைக் குழாய் இணைப்புகளிலெல்லாம் தெளித்தான். எங்காவது காற்றை இழுத்தால் நுரை உள்ளே போகும், எஞ்சின் சத்தமும் மாறும். மாறவில்லை. ஐட்லிங் வால்வின் இணைப்பைக் கழற்றி மாட்டினான். வால்வு நன்றாகவே வேலை செய்தது. சென்சார் புதிது. எஞ்சினுக்குக் காற்று விடும் த்ராட்டில் கண்ணாடி மாதிரி சுத்தமாக இருந்தது.

"எல்லாமே நல்லா இருக்கு. இருந்தும் கத்துது. உன்ன மாதிரியே ஒரு வண்டி வாங்கி வச்சிருக்க" என்றான் தம்பி.

கடைசியாக த்ராட்டிலில் மாட்டியிருந்த ஆக்சிலேட்டர் கேபிளை விரலால் அழுத்தினான். கொஞ்சம் தொய்வு இருக்க வேண்டும். வீணைக் கம்பி மாதிரி விறைப்பாக இருந்தது. ஸ்பேனரை எடுத்தான்.

"இது ஒண்ணும் இல்ல. ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் டைட்டா இருக்கும். கொஞ்சம் லூஸ் பண்ணி விட்டுடுவேன்."

அக்கா அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒவ்வொரு தடவையுமா?"

"ஆமா. வேலை முடிச்சு மூடறதுக்கு முன்னால அதையும் சரி பண்ணுவேன். வழக்கம்தான்."

"த்ராட்டில் கழுவினப்பவும்? வால்வு மாத்தினப்பவும்?"

தம்பியின் ஸ்பேனர் பாதியில் நின்றது. கேபிள் நட்டைக் குனிந்து பார்த்தான். அது கடைசி மரைக்கு வந்திருந்தது. ஜூலையில் புதிய கேபிள் போட்டபோது நடுவில் வைத்த நட்டு. இந்த எட்டு மாதமும் நோயைத் தீர்த்தது வால்வும் இல்லை, சென்சாரும் இல்லை. பில்லில் ஏறாத இந்த நட்டுத்தான். ஆனால் பேர் வாங்கிக்கொண்டது பில்லில் ஏறிய சாமான்.

"அக்கா, கேபிள் நாள்பட்டா இழுபட்டு நீளும். தொய்யும். சுருங்கவே சுருங்காது. வயசானா மனுஷன்தான் சுருங்குவான்."

"அப்ப இது சுருங்கியிருக்கே?"

"சுருங்கல. அந்த முனையில யாரோ இழுத்துப் பிடிச்சிருக்காங்க."

இரண்டு பேரும் காரின் உள்ளே பார்த்தார்கள். கேபிளின் அந்த முனை இருப்பது டாஷ்போர்டுக்குக் கீழே. தம்பி ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டான்.

"நான் தொடமாட்டேன். சத்தியம் பண்ணியிருக்கேன்."

"பெரிய சத்தியம்! டார்ச்சக் குடு."

அக்கா சொல்லிக்கொடுப்பவர் இருக்கையில் தலைகீழாகக் கவிழ்ந்தார். கால் ஜன்னல் பக்கம், தலை பெடல் பக்கம். ஓட்டுபவரின் ஆக்சிலேட்டரோடு கம்பியால் இணைத்திருந்த மூன்றாவது பெடலின் பின்னால் ஒரு போல்ட் இருந்தது. பெடல் எவ்வளவு தூரம் மேலே திரும்பி வரலாம் என்பதை அந்த போல்ட்தான் தடுத்து நிறுத்தும். சுற்றியிருந்த இரும்பெல்லாம் தூசியும் துருவும் பிடித்துக் கிடக்க, அதன் தலை மட்டும் ஸ்பேனர் பட்டுப் பட்டுப் பளபளத்தது. அது நீண்டு வந்து பெடலை ஒரு மயிரிழை அழுத்திப் பிடித்திருந்தது. யாரும் கால் வைக்காவிட்டாலும் ஒரு கால் எப்போதும் ஆக்சிலேட்டரில் இருந்தது.

மதியம் வீட்டில் சோற்றைப் பரிமாறிவிட்டு அக்கா கேட்டார்.

"ஏங்க, அந்த மூணாவது பெடல் போல்ட்ட நீங்க திருப்பறீங்களா?"

"ஆமா. அப்பப்ப ஒரு அரைச் சுத்து" என்றார் கணவர், கேட்கக் கூடாததை யாரும் கேட்கவில்லை என்பதுபோல. "உன் தம்பி கைவச்சு அனுப்பினா வண்டி உயிரே இல்லாம வருது. இந்த வருஷம் பொங்கலுக்கப்புறம் சாயங்காலம் வர்றதெல்லாம் பயந்த கூட்டம். அந்த டைலர் ஒரு நாள் பன்னெண்டு தடவ ஆஃப் பண்ணிட்டான். வண்டி நின்னா அவன் மூஞ்சி அப்படியே விழுந்துடுது. பாக்க முடியல. கொஞ்சம் ரேஸ் ஏத்தி வச்சா சந்தோஷமா ஓட்டறான்."

"அதனாலதாங்க ஐட்லிங் ஏறுது!"

"அது எஞ்சின் கோளாறுன்னு நீதானே சொன்ன? வால்வு, சென்சார்னு. அது பானெட்டுக்குள்ள. நான் பண்றது காலுக்குக் கீழ. அதுக்கும் இதுக்கும் என்ன..."

அவர் பேச்சு தானாகவே நின்றது. பிசைந்த சோறு கையிலேயே இருந்தது. முப்பது வருஷம் லாரி ஓட்டியவருக்கு அதற்குமேல் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவன் தளர்த்த, இவர் இறுக்க, இரண்டு ராஜ்யத்துக்கும் நடுவில் அந்தக் கேபிள் எட்டு மாதம் இழுபட்டிருக்கிறது. ஒரே ஒரு வார்த்தை நேராகப் பேசியிருந்தால் பிப்ரவரியிலேயே முடிந்திருக்கும்.

"மொத்தம் எவ்வளவு ஆச்சு?"

"ஏழாயிரத்து நானூத்தி இருபது."

அவர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். சட்டையை மாட்டினார். வாசலுக்குப் போனவர் திரும்பி, "பத்தாம் நம்பர் ஸ்பேனர் எங்க வச்சேன்?" என்று கேட்டார்.

ஏழு வருஷத்துக்குப் பிறகு ஒர்க்‌ஷாப் வாசற்படியில் அவர் கால் வைத்தபோது, தம்பி ஒரு டயரில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். இருவருமே, பின்னாலேயே வந்திருந்த அக்காவைப் பார்த்தார்கள்.

"ஒரு ஜாக்கி வேணும்னு சொல்லு" என்றார் கணவர்.

"ஜாக்கி எதுக்குன்னு கேளு."

"நான் ரெண்டு பேருக்கும் தந்தி ஆபீஸா?" அக்கா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "நான் வீட்டுக்குப் போறேன். வாய் இருக்கறவங்க பேசிக்கங்க."

போகவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். வெகுநேரம் இரும்புச் சத்தம்தான் கேட்டது. பிறகு கணவரின் குரல், காருக்கு உள்ளேயிருந்து, மூச்சுத் திணறலோடு:

"மாப்ள, இந்த நட்டு துருப் பிடிச்சிருக்கு. கொஞ்சம் எண்ணெய் விடு."

"சத்தியம் இருக்கு மாமா. கை அழுகிடும்."

"எண்ணெய் டப்பாவ நீட்டினா கை அழுகாது. நீட்டுடா."

"அன்னிக்கே நான் சொன்னேன், கேட்டீங்களா? ஜோடி மாடுன்னு."

"சொன்ன, சொன்ன. நல்லவிதமா சொல்லியிருந்தா கேட்டிருப்பேன். நீ சொன்ன தினுசுல பசுமாடே முட்ட வந்திருக்கும்."

தம்பி சிரித்துவிட்டான். பிறகு அவரும் சிரித்தார். மூன்றாவது பெடலை அவரே கழற்றி வெளியே எடுத்துப் போட்டார். தம்பி கேபிளுக்குச் சரியான தொய்வு வைத்தான். சாவியைத் திருப்பியதும் முள் ஒருமுறை ஏறி, மெல்ல இறங்கி எண்ணூறில் நின்றது. எஞ்சின் ஓடுகிறதா என்று தொட்டுப் பார்க்கவேண்டிய அமைதி.

வண்டி குணமானது ஒரு மதியத்தில். பிள்ளைகளைக் குணப்படுத்தத்தான் மூன்று வாரம் போதவில்லை. இத்தனை நாள் சவாரி போலப் போனவர்கள் கையில் வண்டி அடிக்கொரு தடவை ஆஃப் ஆயிற்று. ஒரு பெண் ஸ்டியரிங்கில் தலை சாய்த்து அழுதே விட்டாள். இன்னொருவர் பணத்தைத் திருப்பிக் கேட்டார். டைலர், "வண்டிய ரிப்பேர் பண்றேன்னு கெடுத்து வச்சிருக்கீங்க" என்றார். மாலை வகுப்பில் கணவரின் பாடுதான் பெரும்பாடு. வண்டி நின்றதும் அவர் வலது கால் இல்லாத பெடலைத் தேடும். கை ஸ்டியரிங்குக்குப் போகாமல் இருக்க இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொள்வார்.

அக்கா பாடத்தையே மாற்றினார். முதல் மூன்று வகுப்பில் ஆக்சிலேட்டர் தொடக் கூடாது. கிளட்சை நூல் நூலாக விடவேண்டும்; வண்டி லேசாக நடுங்கும்; அந்த நடுக்கத்தைக் காலால் கேட்டுவிட்டு நிறுத்தவேண்டும். "ஆஃப் ஆகட்டும், ஒண்ணும் குடி முழுகிடாது. சாவி எதுக்கு இருக்கு?" என்பார். பிப்ரவரிக்குப் பிறகு தேறியவர்கள் எல்லோருக்கும் போன் செய்து, இரண்டு வகுப்புக்கு இலவசமாக வரச் சொன்னார். சிலர் வந்தார்கள். ரொட்டிக்கடை அம்மாள் தன் வேனிலேயே வந்து, ஜெராக்ஸ் கடை வாசலில் இரண்டு தடவை ஆஃப் செய்து நிறுத்தினாள். இரண்டாவது வகுப்பில் கடைத்தெரு மேட்டில் நிறுத்தி எடுத்துவிட்டு, ஹாரனைத் தானே நீளமாக அடித்தாள்.

அக்டோபர் பதின்மூன்று காலையில் ஆய்வாளர் வந்தார். ஸ்டார்ட் செய்யச் சொன்னார். காதைக் கொடுத்தார், குனிந்து முள்ளைப் பார்த்தார், விளக்கைப் போட்டும் ஏசியைப் போட்டும் பார்த்தார். எண்ணூறு சற்று ஏறி, எண்ணூறுக்கே வந்தது. ஏதோ எழுதிக்கொண்டார். அக்கா மூச்சு விடப் போன நேரத்தில், "கத்துக்கற ஆள் யாராவது இருக்காங்களா? எடுத்துக் காட்டச் சொல்லுங்க" என்றார்.

அன்று பெஞ்சில் இருந்தது டைலர் மட்டும். மாலையில் துணி டெலிவரி இருப்பதால் காலையிலேயே வந்திருந்தார். கணவர் பக்கத்தில் உட்கார்ந்தார். டைலர் கிளட்சை விட்டார். வண்டி குலுங்கி ஆஃப் ஆயிற்று. மறுபடி சாவி, மறுபடி ஆஃப். கணவர் இரண்டு கைமேலும் உட்கார்ந்துகொண்டு நேரே சாலையைப் பார்த்தார்.

"என்னம்மா, வண்டி நிக்குது?" என்றார் ஆய்வாளர்.

"கத்துக்கறவர் கையில நிக்கத்தான் சார் செய்யும்" என்றார் அக்கா. "தானா ஓடற வண்டில யாரும் கத்துக்க முடியாது."

டைலர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். ஊசியில் நூல் கோக்கிறவர் மாதிரி கண்ணை இடுக்கி, கிளட்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். வண்டி நடுங்கியது. அங்கேயே காலை நிறுத்தினார். வண்டி, யாரோ பின்னாலிருந்து மெல்லத் தள்ளியதுபோல், நகர்ந்தது. தெருமுனைவரை போய், திரும்பி, வாசலில் வந்து நின்றது. அவரே நியூட்ரல் போட்டு, கைபிரேக் இழுத்து, எஞ்சினை அணைத்தார். ஆய்வாளர் நல்லது என்றும் சொல்லவில்லை, கெட்டது என்றும் சொல்லவில்லை. "கடிதம் வரும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பின் தபால்காரர் மாடிப்படி அறையைத் தாண்டிப் போகும் ஒவ்வொரு நாளும் மூன்று பேர் வாசலில் நின்றார்கள்: அக்கா, கணவர், அந்த நேரத்துக்கு மட்டும் எப்படியோ அந்தப் பக்கம் வேலை இருந்த தம்பி. இரண்டு ஆண்களும் டயரின் காற்றைப் பற்றியோ எண்ணெயின் தரத்தைப் பற்றியோ வாக்குவாதம் செய்துகொண்டிருப்பார்கள். அக்கா நடுவில் புகமாட்டார்.

ஐந்து வருஷத்துக்கு அனுமதி புதுப்பிக்கப்பட்டதாகச் சொல்லும் கடிதம் வந்தது அக்டோபர் 24, வெள்ளிக்கிழமை.